ஈட்டி பிடித்த ராஜாளி

முதலில் ஒரு படப்புதிர். ஒரு தாளும் வண்ணப் பென்சில்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாக ஒரு கேடயம் வரையுங்கள். முழுவதும் மஞ்சள் தீட்டுங்கள். அது தங்கம் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்க மேல் மூலையிலிருந்து வலது பக்கக் கீழ்ப்புறம் வரை சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை போடுங்கள். அந்தப் பட்டைக்குள், அதே சாய்வில், ஒரு தங்க ஈட்டி. அதன் முனை மட்டும் வெள்ளி. இனி கேடயத்துக்கு மேலே வாருங்கள். அங்கே ஒரு வெள்ளி ராஜாளி நிற்கிறது. இறக்கைகளை விரித்துக்கொண்டு, பறக்கப் போவதுபோல நிற்கிறது. அதன் பிடியில் நெட்டுக்குத்தாக இன்னொரு தங்க ஈட்டி.

இது ஒரு குடும்பத்தின் சின்னம். எந்தக் குடும்பம், சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஈட்டி இருக்கிறது, வேட்டைப் பறவை இருக்கிறது. ஆகவே போர்வீரர் குடும்பம் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. அந்த வீட்டுத் தலைவர் தோலைப் பதப்படுத்திக் கையுறை தைத்து விற்றவர். மகன் நாடகத்தில் நடித்தவர், நாடகம் எழுதியவர். ஒரு குறிப்புத் தருகிறேன். ஈட்டிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பியர்'. ஆட்டுவதற்கு 'ஷேக்'.

ஆம், ஷேக்ஸ்பியர்! தமிழில் சொன்னால் 'ஈட்டியாட்டி' என்று வரும். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்து ஊர்க்காரர்களும் சிரித்திருப்பார்கள். மேலே நிற்கும் ராஜாளிக்கும் இதில் பங்கு உண்டு. பறக்கும் முன் அது இறக்கையை உதறுவதையும் ஆங்கிலத்தில் 'ஷேக்' என்று சொல்லலாம் அல்லவா? இறக்கையை உதறும் பறவை, கையில் ஈட்டி. ஷேக் ஒன்று, ஸ்பியர் ஒன்று. பெயரையே படமாகப் போட்டுவிட்டார்கள் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள்.

இந்தச் சின்னத்துக்குப் பின்னால் ஓர் அப்பா, ஒரு மகன், ஒரு பேரன் மூவரின் கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன், இந்தக் குலச்சின்னங்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரும்புத் தொப்பிக்குள் யார்?

சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவில் குதிரை வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்பில் மூடிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். முகமே தெரியாது. எதிரே வருபவன் நம்மவனா, பகைவனா? எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொருவரும் தம் கேடயத்தில் ஒரு படம் தீட்டிக்கொண்டார்கள். சிங்கம், கழுகு, மரம், பட்டை என்று ஆளுக்கொன்று. இரும்புக் கவசத்துக்கு மேல் போட்டுக்கொண்ட துணிச்சட்டையிலும் அதே படம். அந்தச் சட்டையை வைத்துத்தான் ஆங்கிலத்தில் குலச்சின்னத்துக்கு 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று பெயர் வந்தது.

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரர் முதலில் வந்து, "இதோ வருகிறார் ராஜா!" என்று அறிவிப்பாரே, அதுபோல அங்கே வீர விளையாட்டுப் போட்டிகளில் கட்டியக்காரர்கள் இருந்தார்கள். கேடயத்தைப் பார்த்ததும், வருபவர் இன்னார் என்று உரக்கச் சொல்வது அவர்கள் வேலை. யாருக்கு என்ன படம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நாளடைவில், இரண்டு பேர் ஒரே படத்தைப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தால் தீர்ப்புச் சொல்லும் வேலையும், புதிய சின்னம் கேட்பவருக்கு அதை வழங்கும் வேலையும் அவர்களிடமே வந்து சேர்ந்தன. 1484ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் அவர்களை ஒரு கழகமாகவே அமைத்துக் கொடுத்தார். அந்தக் கழகம் இன்றும் லண்டனில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் காலத்திலும் புதிய சின்னங்களைத் தோலில் கையால் வரைந்துதான் கொடுக்கிறார்கள்.

வண்ணத்துக்கும் சட்டம் உண்டு. தங்கமும் வெள்ளியும் 'உலோகம்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்றவை 'நிறம்'. உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது. நிறத்தின் மேல் நிறம் வரக்கூடாது. ஏன்? தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதே! நம் ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயரை மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள், புரிந்துவிடும். நீங்கள் வரைந்த படத்தைச் சரிபாருங்கள். தங்கக் கேடயத்தில் கறுப்புப் பட்டை, கறுப்புப் பட்டையில் தங்க ஈட்டி. சட்டப்படி சரி.

சோழர்க்குப் புலி, பாண்டியர்க்கு மீன், சேரர்க்கு வில் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவை அரச மரபின் சின்னங்கள். இங்கிலாந்திலோ அரசர் அல்லாத குடும்பங்களும் கட்டியக்காரர் கழகத்தில் விண்ணப்பம் கொடுத்துச் சின்னம் பெறலாம். பெற்றால் அது அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு, அவர்களிடமிருந்து பேரன்களுக்கு என்று ஆண் வழியாக இறங்கும். பெண் வழியாக இறங்குவதற்குத் தனி விதிகள் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயரை வைத்து விளையாட்டு

பெயரையே படமாக்குவது அங்கே பழைய வழக்கம். இரண்டாம் எலிசபெத் ராணியின் அம்மா பிறந்த குடும்பத்தின் பெயர் போஸ்-லயன். 'போ' என்றால் வில், 'லயன்' என்றால் சிங்கம். அவர்கள் கேடயத்தைப் பார்த்தால் வில்லும் சிங்கமும்தான்!

நம் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் இளவரசர் வில்லியமுக்கும் கேத்தரின் மிடில்டனுக்கும் திருமணம். கேத்தரின் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவர் வீட்டுக்குக் குலச்சின்னம் கிடையாது. அதனால் திருமணத்துக்குச் சில நாள் முன்பு அவர் அப்பாவின் பெயரில் ஒரு சின்னம் வழங்கப்பட்டது. அந்தக் கேடயம் நடுவில் நேர்க்கோடு போட்டு, ஒரு பாதி நீலம், மறு பாதி சிவப்பு. அதில் மூன்று ஓக் மரக் காய்கள், இலையோடு. ஏன் மூன்று? அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். ஏன் ஓக்? அவர்கள் வளர்ந்த பெர்க்‌ஷயர் பகுதியில் ஓக் மரங்கள் அதிகம். நடுவில் கூரை முகடுபோல ஒரு தங்கப் பட்டை. அம்மா பிறந்த வீட்டின் பெயர் கோல்டுஸ்மித், அதாவது பொற்கொல்லர். அதனால் தங்கம்! அதன் மேலும் கீழும் மெல்லிய வெள்ளை முகடுகள் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு மலையும் பனிச்சறுக்கும் பிடிக்குமாம்.

சரி, நடுவில் ஏன் ஒரு நேர்க்கோடு? 'மிடில்' என்றால் நடு. மிடில்டன்! அந்த ஒற்றைக் கோடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு படமும் வரையாமல் பெயரைச் சொல்லிவிட்டார்கள், பாருங்கள்.

குப்பைமேட்டுக்கு அபராதம்

இப்போது நம் கையுறைக்காரரிடம் போவோம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏவன் ஆற்றங்கரையில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்று ஒரு சிறிய ஊர். சந்தைக்குப் பெயர் போனது. அங்கே ஹென்லி தெருவில் ஜான் ஷேக்ஸ்பியர் குடியிருந்தார். விவசாயி மகன், பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் பெயர் ஊர்ப் பதிவேட்டில் முதன்முதலாக வருவது எதற்காகத் தெரியுமா? 1552இல் தெருவில் குப்பைமேடு போட்டதற்காக அபராதம் கட்டியதற்கு!

குப்பைக்கு அபராதம் கட்டியவர் படிப்படியாக உயர்ந்தார். ஊர்ச் சபையில் சின்னச் சின்னப் பொறுப்புகள் வகித்தார். வசதியான விவசாயி ராபர்ட் ஆர்டனின் மகள் மேரியை மணந்தார். 1568இல் ஊர்ச் சபையின் தலைவராகவே ஆகிவிட்டார். இன்றைய நகராட்சித் தலைவர் பதவி மாதிரி. அப்போது மூத்த மகன் வில்லியமுக்கு நான்கு வயது.

இத்தனை பெரிய பதவி. ஆனாலும் ஜான் ஆவணங்களில் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை. குறி போடுவார். அந்தக் குறி பல இடங்களில் ஒரு கவராயம். உங்கள் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கிறதே, அதே கவராயம்தான். கையுறைக்குத் தோலை அளந்து வெட்ட அது வேண்டும். தன் தொழிற்கருவியையே தன் அடையாளமாகப் போட்டார் மனிதர்.

தலைவர் ஆன பிறகு ஜானுக்கு ஓர் ஆசை வந்தது. தனக்கும் ஒரு குலச்சின்னம் வேண்டும். இதில் வெறும் அலங்காரம் மட்டும் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'ஜென்டில்மேன்' என்பது, இப்போதுபோல நாகரிகமாக நடந்துகொள்பவரைக் குறிக்கும் சொல் அல்ல. அது ஒரு படிநிலை. கையால் உழைத்துப் பிழைக்கிறவர் ஒரு பக்கம், ஜென்டில்மேன் ஒரு பக்கம். குலச்சின்னம் இருந்தால் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் பரம்பரைக்கும் ஜென்டில்மேன். பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' என்று மரியாதை. இடுப்பில் வாள். அப்படியென்றால் கையுறை தைப்பவர் யாருக்குக் குறைந்தவர் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்பேன். ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

ஜான் கட்டியக்காரர் கழகத்தில் கேட்டார். மாதிரிப் படம் ஒன்றுகூட வரைந்து தரப்பட்டதாகப் பிற்காலக் குறிப்பு சொல்கிறது. அதற்குள் சரிவு தொடங்கிவிட்டது. கடன் ஏறியது. 1577 முதல் ஊர்ச் சபைக் கூட்டத்துக்கு வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். 1578இல், மேரிக்குத் தந்தை வழியில் கிடைத்த நிலத்தை அடகு வைத்தார். அது திரும்பி வரவே இல்லை. 1586இல் சபை உறுப்பினர் பதவியும் போனது. 1592இல், தேவாலயத்துக்கு வராதவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தார்கள். அதில் ஜான் பெயரும் இருந்தது. காரணம்? வெளியே வந்தால் கடன்காரர் பிடித்துக்கொள்வார் என்ற பயம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

குலச்சின்ன விண்ணப்பம் அப்படியே கிடப்பில் போனது. யாருக்கு அதை நினைக்க நேரம்?

எழுபது நாட்கள்

அப்பா சரிந்துகொண்டிருந்த காலத்தில் மகன் வில்லியம் வளர்ந்தார். 18 வயதில் திருமணம். முதலில் சூசன்னா என்ற மகள். 1585இல் இரட்டைக் குழந்தைகள், ஆணொன்று, பெண்ணொன்று. ஹேம்னட், ஜூடித் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வில்லியம் லண்டன் போனார். நாடகக் குழுவில் நடித்தார், எழுதினார். பெயர் வந்தது. பணமும் வந்தது.

இருபது ஆண்டுக்கு மேல் தூசி படிந்து கிடந்த அப்பாவின் விண்ணப்பத்துக்கு மறுபடி உயிர் வந்தது. கேட்டது ஜான் பெயரில்தான். ஆனால் அதற்கு ஆன செலவையும் அலைச்சலையும் ஏற்றுக்கொண்டவர் லண்டனில் இருந்த மகன்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மகன் தன் பெயரில் புதிதாகக் கேட்டிருக்கலாம். அப்பா பெயரில் கேட்டால் மகன் 'பிறவி' ஜென்டில்மேன் ஆவார், அதனால் அப்படிச் செய்தார் என்பார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் கடன்காரருக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்த அப்பாவை, ஊரார் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க வைக்கவும் அது ஒன்றே வழி. எனக்கு இரண்டாவது காரணம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1596 அக்டோபர் 20ஆம் தேதி சின்னம் வழங்கும் ஆவணம் எழுதப்பட்டது. வழங்கியவர் தலைமைக் கட்டியக்காரர் வில்லியம் டெதிக். "ஜான் ஷேக்ஸ்பியருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் சந்ததிக்கும்" என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது.

சந்ததி! குடும்பத்தின் மூத்த மகன் வில்லியம். அவருக்குப் பிறகு சின்னத்தைச் சுமக்க வேண்டியவன், அவருடைய ஒரே மகன் ஹேம்னட். ஆனால் ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினால், 1596 ஆகஸ்ட் 11ஆம் தேதியில் ஒரு வரி இருக்கிறது. அன்று ஹேம்னட்டை அடக்கம் செய்தார்கள். வயது 11. உங்களில் ஆறாம் வகுப்பு படிப்பவரின் வயது.

ஆகஸ்ட் 11லிருந்து அக்டோபர் 20 வரை எண்ணிப் பாருங்கள். எழுபதே நாட்கள்.

ஒரு காற்புள்ளி செய்த வேலை

அந்த ஆவணத்தின் நகல் வரைவுகள் இரண்டு இன்றும் லண்டன் கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அடித்தல் திருத்தலோடு இருக்கும் வரைவுகள். ஓரத்தில் சின்னத்தின் படம் சிறிதாக, அவசரமாகக் கிறுக்கப்பட்டிருக்கிறது.

படத்தோடு ஒரு குறிக்கோள் வாசகமும் உண்டு. பழைய பிரெஞ்சு மொழியில் மூன்றே சொற்கள். 'நோன் சான் துருவா' என்பதுபோல் ஒலிக்கும். 'உரிமை இல்லாமல் அல்ல' என்று பொருள். அதாவது, இந்தச் சின்னத்தை நாங்கள் உரிமையோடுதான் வைத்திருக்கிறோம் என்பது. இதை எழுதும்போது எழுத்தர் என்ன செய்தார் தெரியுமா? முதல் சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்துவிட்டார். என்ன ஆயிற்று? 'இல்லை, உரிமையில்லாமல்!' என்று பொருள் தலைகீழாகிவிட்டது. விண்ணப்பத்தை மறுப்பதுபோல! அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் காற்புள்ளி. கடைசியில் காற்புள்ளியை விட்டுவிட்டுப் பெரிய எழுத்துகளில் எழுதினார். காற்புள்ளிக்கு அரை மதிப்பெண் குறைத்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இதைக் கவனிக்க!

ஆவணத்தில் ஜானின் பெருமைகளாகச் சில சொல்லப்பட்டிருக்கின்றன. ஊர்ச் சபைத் தலைவராக இருந்தார், ஆர்டன் குடும்பத்தில் பெண் எடுத்தார், அவர் முன்னோர் ஏழாம் ஹென்றி மன்னருக்குச் சேவை செய்து பரிசு பெற்றார்கள் என்றெல்லாம். முதல் இரண்டுக்கும் சான்று இருக்கிறது. மன்னர் பரிசு கொடுத்ததற்கு மட்டும் இதுவரை ஒரு சான்றும் கிடைக்கவில்லை. சின்னம் கேட்கிறவர்கள் கொள்ளுத்தாத்தா பெருமையைக் கொஞ்சம் தூக்கிச் சொல்வது அப்போதும் இருந்திருக்கிறது, இப்போதும் இருக்கிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. ஈட்டி நல்லதுதான். ராஜாளியும் கம்பீரம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் ஈட்டி பிடித்துப் போருக்குப் போனதாகத் தெரியவில்லை. வீட்டுக்குச் சோறு போட்ட கவராயமும் கையுறையும் எங்கே? நான் வரைந்திருந்தால் ராஜாளியின் காலில் ஒரு கையுறை மாட்டியிருப்பேன். வேட்டைப் பறவையைக் கையில் ஏந்த, பழக்குபவர் போட்டுக்கொள்வதும் தோல் கையுறைதானே! ஆனால் கைத்தொழிலை மறக்கத்தான் சின்னமே கேட்டார்கள், அதை எப்படி வரைய விடுவார்கள்?

"நடிகனுக்கு எதற்கு?"

1599இல் இன்னொரு முயற்சி நடந்தது. கேடயத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அம்மா மேரியின் ஆர்டன் குடும்பச் சின்னத்தையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். கட்டியக்காரர்கள் முதலில் ஒரு பெரிய ஆர்டன் குடும்பத்தின் சின்னத்தை வரைந்தார்கள், பிறகு அதை அடித்துவிட்டு வேறோர் ஆர்டன் குடும்பத்தின் சின்னத்தை வரைந்தார்கள். மேரி எந்த ஆர்டன் என்று அவர்களுக்கே குழப்பம் போலிருக்கிறது. ஷேக்ஸ்பியர் குடும்பம் இந்த இரட்டைச் சின்னத்தைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

1601இல் ஜான் இறந்தார். ஜென்டில்மேனாக ஐந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டே வம்பு வந்தது.

கட்டியக்காரர் கழகத்தில் ரால்ஃப் புரூக் என்று ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், ஆனால் சண்டைக்காரர். அவருக்கு மேலே வில்லியம் கேம்டன் என்பவரை நியமித்துவிட்டார்கள். கேம்டன் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். வாத்தியார் வந்து நமக்கு மேலே உட்காருவதா என்று புரூக்குக்கு ஆத்திரம். தலைமைக் கட்டியக்காரர் டெதிக்கோடும் அவருக்கு ஆகாது. தகுதியில்லாத ஆட்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று 23 பெயர்களைப் பட்டியல் போட்டார். அதில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். புரூக் குறிப்பின் பழைய படி ஒன்று இன்று அமெரிக்காவில், வாஷிங்டன் நகரத்து ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கிறது. நீங்கள் வரைந்தீர்களே, அதே கேடயமும் ராஜாளியும் அதில் வரைந்திருக்கிறது. கீழே, 'நடிகன் ஷேக்ஸ்பியர்' என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறது. அன்று நடிகன் என்றால் அவ்வளவு இளப்பம்.

புரூக் இன்னொரு குற்றமும் சொன்னார். தங்கக் கேடயத்தில் கறுப்புச் சாய்வுப் பட்டை என்பது ஏற்கெனவே மாலி பிரபுவின் குடும்பச் சின்னம் அல்லவா? டெதிக்கும் கேம்டனும் சேர்ந்து பதில் எழுதினார்கள். ஜான் ஷேக்ஸ்பியர் ஊரில் நீதி வழங்கும் பொறுப்பில் இருந்தவர், ஆர்டன் குடும்பத்து வாரிசுப் பெண்ணை மணந்தவர், பட்டையின் மேல் ஈட்டி இருப்பதால் மாலி சின்னத்திலிருந்து இது வேறு என்றார்கள். கவனியுங்கள், மகன் எழுதிய நாடகங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அப்போது 'ஹாம்லெட்' நாடகம்கூட எழுதப்பட்டுவிட்டது. அதெல்லாம் கணக்கில் வரவில்லை.

சின்னம் பறிபோகவில்லை. தப்பியது. 2016இல் அதே ஃபோல்ஜர் நூலகத்தின் ஹெதர் வுல்ஃப், இந்தச் சின்னத்தைப் பற்றி அதுவரை கவனிக்கப்படாத பழைய குறிப்புகள் பலவற்றைக் கண்டெடுத்தார். சின்னத்தைப் பெறுவதில் மகன்தான் முனைந்து நின்றார் என்பதற்கு அவை வலு சேர்க்கின்றன.

ஏழாவது மகன் வரை

1616 மார்ச் மாதம் வில்லியம் ஷேக்ஸ்பியர் உயில் எழுதினார். ஏப்ரல் 23இல் இறந்தார். அந்த உயிலில் இரண்டு இடங்கள் இந்தச் சின்னத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

ஒன்று, ஜென்டில்மேன் என்பதற்கு அடையாளமான வாள். அதை ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளை தாமஸ் கூம் என்பவருக்குக் கொடுத்தார். தன் வாளை வாங்கிக்கொள்ள வீட்டில் மகன் இல்லை. கில்பர்ட், ரிச்சர்டு, எட்மண்டு என்று மூன்று தம்பிகள் இருந்தார்கள். அந்த மூவரும் அவருக்கு முன்பே வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார்கள்.

மற்றொன்று சொத்து. பெரும்பகுதி மூத்த மகள் சூசன்னாவுக்கு. அவளுக்குப் பிறகு அவளுடைய முதல் மகனுக்கு. அவன் இல்லையென்றால் இரண்டாவது மகனுக்கு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது என்று எழுதிக்கொண்டே போய், ஏழாவது மகன் வரை எழுதியிருக்கிறார்! அப்போது சூசன்னாவுக்கு ஒரு மகன்கூட இல்லை. எலிசபெத் என்று ஒரே மகள், வயது எட்டு. பிறகும் மகன் பிறக்கவில்லை.

ஹேம்னட்டோடு பிறந்த ஜூடித்துக்கு மூன்று மகன்கள் பிறந்தார்கள். மூத்தவனுக்கு அவள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஷேக்ஸ்பியர்'! குடும்பப் பெயர் தன்னோடு முடிந்துவிடும் என்று, அதையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டாள். அந்தக் குழந்தை ஆறு மாதத்தில் இறந்தது. மற்ற இருவரும் 1639இல், இருபது வயதை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். பேத்தி எலிசபெத் இரண்டு முறை மணந்தும் பிள்ளை இல்லாமல் 1670இல் மறைந்தார். வில்லியமின் நேர் வாரிசு அதோடு இல்லை.

ஸ்ட்ராட்ஃபோர்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனால் அந்தச் சின்னத்தை இன்றும் பார்க்கலாம். தரையில் சூசன்னாவின் கணவர், மருத்துவர் ஜான் ஹாலின் கல்லறைக் கல் இருக்கிறது. அதில் கேடயம் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியில் ஹால் குடும்பத்தின் வேட்டைநாய்த் தலைகள், மறு பாதியில் நம் ஈட்டி.

சுவரில் வில்லியம் ஷேக்ஸ்பியரின் நினைவுச் சிலை. கையில் இறகுப் பேனா. அவர் தலைக்கு மேலே முழுக் கேடயமும் இருக்கிறது, தங்கமும் கறுப்புமாக. 'உரிமை இல்லாமல் அல்ல' என்ற வாசகத்தை மட்டும் அங்கே காணோம். கேடயத்தின் இரு பக்கமும் சிறு பையன்கள் இருவர் செதுக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உழைப்புக்கு அடையாளமாக ஒருவன் கையில் மண்வெட்டி இருக்கிறது. மற்றவன் ஓய்வுக்கு அடையாளம். அவன் தீப்பந்தத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருக்கிறான்.